திரினிடாட்டின் தார் ஏரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியன் தீவுகளின் தென்கோடியில், வெனிசுவேலா கரைக்கு எட்டிய தூரத்தில் இருப்பது திரினிடாட். அந்தத் தீவின் தென்மேற்கில் லா பிரேயா என்ற ஊர். ஊரை ஒட்டி ஒரு தார் ஏரி கிடக்கிறது. இயற்கை நிலக்கீல் (அஸ்பால்ட், பேச்சு வழக்கில் தார்) படிவுகளில் உலகிலேயே பெரியது இதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். பொது அறிவுத் துணுக்குகளில் இதை "எடுக்க எடுக்கக் குறையாத ஏரி" என்று போட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. ஏன் சரியல்ல என்று புரிந்துகொண்டால் ஏரியின் மண்ணியலும் வரலாறும் சேர்ந்தே புரியும். பலரும் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

ஏரி என்கிறீர்களே, தார் குழம்பாக நிரம்பியிருக்குமா?

இல்லை. முதல்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் போகிறார்கள். பழைய விமான ஓடுதளம் ஒன்று வெயிலில் சுருங்கிக் கிடப்பது போன்ற தோற்றம். பரப்பு சுமார் 100 ஏக்கர், நடுவில் ஆழம் ஏறக்குறைய 250 அடி. மேற்பரப்பின் பெரும்பகுதியில் தாராளமாக நடக்கலாம், வெட்டி எடுக்கும் வண்டிகளும் அதன் மேலேயே ஓடுகின்றன. ஆனால் ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருந்தால் கால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். நிறுத்தி வைத்த வண்டியும் அப்படித்தான்.

மேற்பரப்பு ஒரே சமமாக இருக்காது. பெரிய பெரிய மடிப்புகளாக உப்பி நிற்கும். மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே உள்ள பள்ளங்களில் மழைநீர் தேங்கி, அதில் அல்லி பூக்கும், சின்ன மீன்கள் திரியும். கந்தக வாடை அடிக்கும் அந்தத் தண்ணீரில் குளித்தால் தோல் நோய் தீரும் என்று நம்பி ஊர்க்காரர்கள் இறங்குவதும் உண்டு. சில இடங்களில் நிலக்கீல் இன்னும் இளகிய நிலையில் இருக்கும். அங்கே கால் வைக்கக் கூடாது.

இவ்வளவு தாரும் எங்கிருந்து வந்தது?

எரிமலையிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எரிமலைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இது கூரை இல்லாமல் போன ஒரு எண்ணெய் வயல்.

கதை சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியக் காலத்தின் பிற்பகுதியில் தொடங்குகிறது. அப்போது தென் அமெரிக்காவின் வடகரையை ஒட்டிய கடலில் நுண்ணுயிர்கள் ஏராளமாக வாழ்ந்து மடிந்து அடியில் படிந்தன. ஆக்சிஜன் குறைவான கடலடி என்பதால் அவை முழுக்க மக்கவில்லை. அந்தச் சேறு இறுகி உண்டான கரும்பாறையை நபரிமா ஹில் படிவம் என்று மண்ணியலாளர்கள் அழைக்கிறார்கள். திரினிடாட்டின் எண்ணெய்க்கு இதுதான் முக்கியமான மூலப்பாறை.

அதற்கு அப்புறம் நடந்த இரண்டு காரியங்கள் முக்கியம். முதலாவது, கரீபியன் கண்டத்தட்டு கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே வந்து தென் அமெரிக்கத் தட்டின் ஓரத்தை உரசத் தொடங்கியது. இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 செ.மீ. வேகத்தில் உரசிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த உரசலில் திரினிடாட்டின் பாறைகள் மடிந்தன, உடைந்தன, ஒன்றின் மேல் ஒன்று ஏறின. இரண்டாவது, ஓரினோகோ ஆறு கண்டத்தின் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்த மணலையும் களிமண்ணையும் இங்கே கொட்டிக்கொண்டே இருந்தது. மேலே ஏறிய பாரத்தில் மூலப்பாறை ஆழத்துக்குப் போய், சூடேறி, எண்ணெயைக் கக்கியது.

எண்ணெய் தண்ணீரை விட லேசானது. வழி கிடைத்தால் மேலே ஏறும். வழக்கமாக ஏதாவது ஒரு களிமண் அடுக்கு மூடி போல அதைத் தடுத்து நிறுத்திவிடும், அப்போதுதான் எண்ணெய் வயல் உண்டாகும். லா பிரேயாவில் நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய பிளவுகள் சந்திக்கின்றன. அந்த வழியாக எண்ணெய், எரிவாயு, உப்புநீர், குழைந்த களிமண் நான்கும் சேர்ந்தே மேலே வந்து, தரையில் இருந்த ஒரு பள்ளத்தில் தேங்கின. ஏரி என்பது அந்தத் தேக்கம்தான்.

தெற்குத் திரினிடாட் முழுக்கச் சேற்று எரிமலைகள் உண்டு. பெயரில் எரிமலை இருந்தாலும் அவற்றில் வருவது பாறைக்குழம்பு அல்ல, வாயு அழுத்தத்தில் பீறிடும் சேறு. 1997 பிப்ரவரியில் பிப்பாரோ என்ற ஊரில் ஒன்று வெடித்து வீடுகளையும் சாலையையும் சேற்றில் மூடியது. அங்கே சேற்றை வெளியே தள்ளும் அதே நில அழுத்தம்தான் லா பிரேயாவில் எண்ணெயோடு களிமண்ணையும் கலந்து தள்ளியது.

எண்ணெயாக வந்தது ஏன் கெட்டியானது?

கச்சா எண்ணெயில் லேசான பொருள்களும் கனமான பொருள்களும் கலந்திருக்கும். காற்றுபட்டதும் லேசானவை ஆவியாகிப் போயின. நிலத்தடியிலும் மேலேயும் வாழும் பாக்டீரியாக்கள் தங்களால் எளிதில் சிதைக்க முடிந்தவற்றைத் தின்றன. யாராலும் தின்ன முடியாத, ஆவியாகவும் முடியாத கனமான பிசுக்கு மட்டும் மிஞ்சியது. அதுதான் பிட்டுமன்.

ஏரியில் இருப்பது முழுக்க பிட்டுமனா?

பாதி கூட இல்லை. வெட்டி எடுத்த கட்டியில் தோராயமாக 40 சதவீதம் பிட்டுமன். மீதியில் ஏறக்குறைய சரிபாதி மிக நுண்ணிய களிமண்ணும் மணல்தூளும், சரிபாதி தண்ணீர். கொஞ்சம் வாயுவும் உண்டு. கட்டியை உடைத்தால் உள்ளே குமிழ் குமிழாக ஓட்டைகள் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை விரிவாக ஆராய்ந்த கிளிஃபர்ட் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க வேதியியலாளர், ஏரியின் எந்தப் பக்கத்தில் எடுத்தாலும் கலவை ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதைக் காட்டினார். கீழிருந்து வரும் வாயு காலங்காலமாக இதைக் கலக்கிக்கொண்டே இருந்ததால் வந்த சீர்மை அது. பொருளின் மதிப்பு இந்தச் சீர்மையிலும், அந்த நுண்மண்ணிலும்தான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, வெட்டி எடுத்த குழி மறுபடி நிரம்பிவிடுமா? அப்படியானால் தீரவே தீராதே?

குழி நிரம்பும், அது உண்மை. இன்று வெட்டிய பள்ளம் சில நாட்களில் மேடேறிச் சமமாகிவிடும். பார்ப்பவர்களுக்கு அது அதிசயமாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பள்ளத்தை நிரப்பியது எது? பெரும்பாலும் பக்கத்தில் இருந்த நிலக்கீல். சட்டியில் இருக்கும் இளகிய கேழ்வரகுக் களியில் ஒரு கரண்டி எடுத்தால் சுற்றியிருக்கும் களி சரிந்து வந்து குழியை மூடிவிடும். குழி மூடியதே தவிர சட்டியில் களி குறைந்துதானே இருக்கிறது? ஏரியிலும் அதேதான் நடக்கிறது. நிலக்கீல் திடம் போலத் தோன்றும் திரவம், அதனால் தன் மட்டத்தைத் தானே சமப்படுத்திக்கொள்கிறது. கீழிருந்து புதிதாக ஊறி வருவது கொஞ்சம் உண்டு. வெட்டும் வேகத்துக்கு அது ஈடாகவில்லை.

இதற்குச் சான்று ஏரியின் உருவமே. பெரிய அளவில் வெட்டத் தொடங்கும் முன் ஏரி சுற்றுத் தரைக்குச் சமமாகவும், சில பக்கங்களில் கரை வழிந்தும் இருந்தது. கடற்கரை வரை ஓடி இறுகிய பழைய நிலக்கீல் இன்றும் இருக்கிறது. இப்போது போய்ப் பார்த்தால் ஏரி கரையை விடத் தாழ்ந்து, ஒரு கிண்ணத்தின் அடி போலக் கிடக்கிறது. 150 ஆண்டு வெட்டியதன் பலன் அது. இன்னும் 1 கோடி டன் அளவில் மிச்சம் இருக்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பு. பெரிய எண்தான், ஆனால் முடிவுள்ள எண். "குறையாத ஏரி" என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. லட்சக்கணக்கான ஆண்டுகளில் உருவான ஒன்றை, மறுநாளே ஊறிவிடும் கிணறு போல நினைக்க வைத்துவிடுகிறது.

ஊருக்குள் தரையே நகர்கிறதாமே?

ஆமாம். நிலக்கீல் ஏரிக்குள் மட்டும் இல்லை, லா பிரேயா ஊரின் மண்ணுக்கு அடியிலும் பரவிக் கிடக்கிறது. சாலைகள் அலை அலையாக எழும்பும், வீடுகள் ஒரு பக்கம் சாயும், சுவரில் வெடிப்பு விழும்.

இதை ஒட்டி ஒரு முக்கியமான வழக்கும் நடந்தது. 1890களில் ஏரிக்கு வெளியே, தனியார் மனைகளில் மண்ணுக்கு அடியில் கிடக்கும் "நில நிலக்கீல்" தோண்டும் போட்டி மும்முரமாக இருந்தது. ஒருவர் தன் மனையில் குழி தோண்டினால் பக்கத்து மனையின் அடியில் இருக்கும் நிலக்கீல் அதற்குள் நழுவி வந்துவிடும், அங்கே தரை உள்வாங்கும். டிரினிடாட் அஸ்பால்ட் கம்பெனிக்கும் அம்பார்ட் என்பவருக்கும் இடையே இப்படி எழுந்த தகராறு பிரிட்டிஷ் காலனிகளின் மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. நிலத்தடி நீர் வடிந்தால் பக்கத்து நிலக்காரர் வழக்குப் போட முடியாது என்பது அந்நாளைய ஆங்கிலச் சட்டம். நிலக்கீல் நீரா, நிலமா? அது ஓடினாலும் நிலத்தைத் தாங்கி நிற்கும் பொருள்தான், அந்தத் தாங்கலைப் பறிக்க அண்டை வீட்டாருக்கு உரிமை இல்லை என்று 1899இல் தீர்ப்பு வந்தது. மெல்ல ஓடும் ஒரு பொருள் சட்டத்தையே யோசிக்க வைத்திருக்கிறது என்பதால் இந்த வழக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் வால்டர் ராலேவா?

அவர் கண்டுபிடிக்கவில்லை. அங்கே பழங்குடி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து, இந்த நிலக்கீலைப் பயன்படுத்தியும் வந்தார்கள். ஏரி எப்படி உண்டானது என்று அவர்களுக்கு ஒரு கதையும் உண்டு. சைமா குலத்தார் போரில் வென்ற களிப்பில் ரீங்காரச் சிட்டுகளை (ஹம்மிங்பேர்டு) கொன்று சமைத்துத் தின்றார்களாம். அந்தச் சிட்டுகள் இறந்துபோன முன்னோரின் ஆவிகள். சினந்த தெய்வம் பூமியைப் பிளந்து, தாரைப் பொங்க வைத்து, கிராமத்தையே விழுங்கச் செய்தது.

ஆங்கிலேயக் கடலோடியான ராலே வந்தது 1595இல். தென் அமெரிக்காவின் உள்ளே எங்கோ இருப்பதாகச் சொல்லப்பட்ட பொன் நாடான எல் டொராடோவைத் தேடிப் போகும் வழியில் திரினிடாட்டில் இறங்கினார். லா பிரேயா கரையில் கிடைத்த நிலக்கீலைத் தன் கப்பல்களின் பலகை இடுக்குகளில் பூசிப் பார்த்தார். வடநாட்டுத் தார் போல வெயிலில் உருகி வழியவில்லை என்பதால் தென்கடல்களில் ஓடும் கப்பல்களுக்கு மிக உகந்தது என்று எழுதி வைத்தார். பொன் கிடைக்கவே இல்லை. வழியில் பார்த்த இந்தக் கறுப்புப் பொருள்தான் பிறகு பணமாக மாறியது.

ஏரியைப் பற்றிய முதல் அறிவியல் குறிப்புகள் அலெக்சாண்டர் ஆண்டர்சன் (1789), நிக்கோலஸ் நியூஜென்ட் (1811) ஆகியோர் எழுதியவை.

சாலைக்கு எப்போது வந்தது?

முதலில் இதன் மேல் பெரிய நம்பிக்கை வைத்தவர் தாமஸ் காக்ரேன் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி, டண்டொனால்டு பிரபு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கப்பல் எரிபொருளாக, தளம் பூசும் பொருளாக என்று பலவிதமாக இதைப் பயன்படுத்திப் பார்த்தார். வணிகமாக எதுவும் பெரிதாக வளரவில்லை.

திருப்பம் அமெரிக்காவில் வந்தது. பெல்ஜியத்திலிருந்து குடியேறிய எட்வர்டு டி ஸ்மெட் என்ற வேதியியலாளர் 1870இல் நியூஜெர்சியின் நியூவார்க்கில் மணலும் நிலக்கீலும் கலந்த சாலைத்தளம் போட்டுக் காட்டினார். 1876இல் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் தளம் போட்டபோது திரினிடாட் ஏரி நிலக்கீல் பயன்பட்டது. நாடாளுமன்றத்துக்கும் அதிபர் மாளிகைக்கும் நடுவே உள்ள சாலை அது. குதிரை வண்டிகள் சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்த்து ஒவ்வொரு நகரமும் அதே தளம் கேட்க ஆரம்பித்தது.

அந்தத் தேவையை முழுசாகப் பிடித்துக்கொண்டவர் அம்சி பார்பர். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, மனை வணிகத்துக்கு மாறி, அப்புறம் சாலைத் தொழிலுக்கு வந்தவர். 1888இல் ஏரியை வெட்டும் உரிமையை பிரிட்டிஷ் காலனி அரசிடமிருந்து 42 ஆண்டுகளுக்குப் பெற்றார். ஏரிக்கு வெளியே கிடைக்கும் நில நிலக்கீல் தரம் குறைந்தது, ஏரி நிலக்கீல்தான் வேண்டும் என்று நகரங்களின் ஒப்பந்தங்களிலேயே எழுத வைக்கும் போட்டி நடந்தது. லா பிரேயாவில் மனைக்காரர்கள் தோண்டிய சரக்கின் விலை இப்படித்தான் அடிபட்டது. அமெரிக்கத் தெருக்களின் பளபளப்புக்கும் இந்தச் சிற்றூரின் சாய்ந்த வீடுகளுக்கும் இடையே இருந்த உறவு வரலாற்றில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

1907 வாக்கில் அமெரிக்காவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் மிஞ்சும் பிட்டுமன் இயற்கை நிலக்கீலை முந்திவிட்டது. ஏரியின் தனியாட்சி அதோடு முடிந்தது. இப்போது வெட்டுவது திரினிடாட் அரசுக்குச் சொந்தமான நிறுவனம், 1978 முதல்.

எப்படி வெட்டுகிறார்கள்?

முன்பு கடப்பாரையும் கோடரியும் கொண்டு கையால்தான் வெட்டினார்கள். கட்டிகளைத் தலையில் சுமந்து, ஏரியின் மேலேயே போட்ட சிறு தண்டவாளத்தில் ஓடும் தொட்டிகளில் கொட்டுவார்கள். தண்டவாளம் அமிழ்ந்துவிடாமல் அடியில் ஓலைகளைப் பரப்பினார்கள். இப்போது இயந்திரம் கீறிப் பெயர்க்கிறது. ஆலையில் சூடாக்கித் தண்ணீரை விரட்டி, வடிகட்டி, உருளைப் பெட்டிகளில் ஊற்றி ஏற்றுமதி செய்கிறார்கள். சுத்தம் செய்த சரக்கில் பிட்டுமன் 53 முதல் 55 சதவீதம், நுண்மண் 36 சதவீதம் போல இருக்கும்.

நம்மூர் ரோட்டில் போடும் தாரும் இதுவும் ஒன்றா?

உறவுக்காரர்கள். நம்மூர்ச் சாலைகளில் ஊற்றுவது மணலி போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில் பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்த பிறகு அடியில் மிஞ்சும் பிட்டுமன். ஆலை சில மணி நேரத்தில் செய்வதைத் திரினிடாட்டில் வெயிலும் பாக்டீரியாவும் பொறுமையாகச் செய்திருக்கின்றன. வித்தியாசம் அந்த நுண்மண்ணில் இருக்கிறது. அது பிட்டுமனோடு பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதால், தளம் வெயிலில் இளகாமலும் பாரத்தில் தடம் விழாமலும் தாங்குகிறது. இன்று இதைத் தனியாகச் சாலைக்கு ஊற்றுவதில்லை. ஆலைப் பிட்டுமனோடு ஒரு பங்காகச் சேர்த்து, பாலங்கள், சுரங்கப்பாதைகள், விமான ஓடுதளங்கள் போன்ற கடினமான இடங்களில் போடுகிறார்கள்.

ஏரிக்குள் ஏதாவது கிடைத்திருக்கிறதா?

நிறைய. மாஸ்டோடான் என்ற அழிந்துபோன யானையினத்தின் பல், ராட்சத தரை ஸ்லாத் என்ற அழிந்துபோன விலங்கின் எலும்புகள், பழங்குடியினர் செதுக்கிய மர இருக்கை, துடுப்பு, உரல். வெப்பமண்டல ஈரத்தில் மரம் சில ஆண்டுகளில் மக்கிவிடும். காற்றுப் புகாத நிலக்கீலுக்குள் அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாங்கியிருக்கின்றன. கரீபியனில் கிடைத்த மரச்செதுக்குகளில் மிகப் பழையவை சில இங்கே கிடைத்தவை. நகரும் ஏரி என்பதால் எது எந்த ஆழத்தில் கிடந்தது என்பதை வைத்து வயது சொல்ல முடியாது. பொருளையே சோதித்தால்தான் உண்டு.

லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் லா பிரேயா இதுதானா?

இல்லை, அது கலிபோர்னியாவில் உள்ள தார்க்குட்டைகள். அளவில் மிகச் சிறியவை, ஆனால் புதைபடிவங்களில் ஈடு இணையற்றவை. பழங்கால ஓநாய்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. வெனிசுவேலாவின் குவானோகோவில் பெர்முடெஸ் ஏரி இருக்கிறது. பரப்பில் அது திரினிடாட்டைவிடப் பல மடங்கு பெரியது, ஆனால் சில அடி ஆழமே. அதன் உரிமைக்காக நடந்த சண்டையில் அமெரிக்க நிறுவனம் ஒன்று, அதிபர் சிப்ரியானோ காஸ்த்ரோவுக்கு எதிராக 1901இல் எழுந்த கலகத்துக்கே பணம் கொடுத்தது.

அந்தத் தாருக்குள் உயிர் வாழ முடியுமா?

முடியும். இந்த ஏரியைப் பற்றி இந்த நூற்றாண்டில் தெரிந்த மிகப் பெரிய செய்தி இதுதான். டிர்க் ஷுல்ஸ்-மாக்குக் குழுவினர் நிலக்கீலுக்குள் வாழும் பாக்டீரியாக்களையும், ஆர்க்கியா என்ற வேறொரு வகை ஒற்றைச்செல் நுண்ணுயிர்களையும் கண்டு 2011இல் வெளியிட்டார்கள். 2014இல் ரெய்னர் மெக்கன்ஸ்டாக் தலைமையிலான ஆய்வு இன்னும் உள்ளே போனது. நிலக்கீலுக்குள் சிறைபட்டிருக்கும் ஓரிரு மைக்ரோலிட்டர் அளவுள்ள நீர்த்துளிகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு துளியிலும் ஒரு முழு நுண்ணுயிர்ச் சமூகம் இருந்தது, சுற்றியுள்ள எண்ணெயைச் சிதைத்துக்கொண்டும் இருந்தது. துளியின் உப்புத்தன்மையைப் பார்த்தால் அது மழைநீர் அல்ல, ஆழத்திலிருந்து எண்ணெயோடு ஏறி வந்த நீர்.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள எல்லையில் மட்டுமே சிதைவு நடக்கும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். எண்ணெயின் நடுவயிற்றிலும் நடக்கும் என்று இந்தத் துளிகள் காட்டின. சனியின் நிலவான டைட்டனில் மீத்தேன் ஏரிகள் இருப்பதால், அங்கே உயிர் இருக்க வாய்ப்புண்டா என்று யோசிப்பவர்களும் லா பிரேயாவைப் பார்க்கிறார்கள். டைட்டனின் குளிர் மைனஸ் 180 டிகிரி என்பதால் ஒப்பீட்டை அளவோடு எடுத்துக்கொள்வது நல்லது.

போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. சான் பெர்னாண்டோ நகரிலிருந்து தென்மேற்கே கார் பயணம். ஜனவரி முதல் மே வரை மழை குறைவு, பள்ளங்களில் தண்ணீர் வற்றியிருக்கும், நடக்க எளிது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள். எது கெட்டி, எது இளகல் என்பது இடம் மாறிக்கொண்டே இருக்கும், அன்றாடம் நடப்பவருக்கே தெரியும். வழிகாட்டி ஒரு குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்தால் தார் நூலாக நீளும், அதைக் கேட்டுப் பாருங்கள். 2011 முதல் இந்த ஏரி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. நிரந்தரப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. ஏரியின் ஒரு பக்கத்தில் இயந்திரம் வெட்டிக்கொண்டிருக்க மறுபக்கத்தில் நீங்கள் நடக்கலாம். பழைய செருப்பு போட்டுப் போங்கள். ஒட்டினால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.